தலைக்கணக்கில் எங்கே தவறுகிறோம்?

சில ஆண்டுகளுக்கு முன், காவிரி டெல்டாவில் உள்ள எங்கள் ஊர் கிராம சபையில் புதிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கான மதிப்பீட்டை வாசித்தார்கள். ஊரில் இப்போது இத்தனை பேர், பத்தாண்டுக்கு 15.6 சதவீத வளர்ச்சி, முப்பது ஆண்டு கழித்து இத்தனை பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், ஆகவே இவ்வளவு கொள்ளளவு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு ஆசிரியராக இருந்தவன் நான். தாளை வாங்கி வரி வரியாகப் பெருக்கிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. ஆனால் கூட்டம் நடந்த அந்தத் தெருவிலேயே ஏழு வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில். பொங்கலுக்கு மட்டும் திறக்கும் கதவுகள் அவை.

பெருக்கல் சரியாக இருந்தும் விடை தவறிப்போவது மக்கள்தொகைக் கணக்கில் அடிக்கடி நடக்கிறது. அந்த 15.6 சதவீதம் எங்கிருந்து வந்தது? 2001-க்கும் 2011-க்கும் இடையில் தமிழ்நாடு முழுவதும் வளர்ந்த வீதம் அது. அதே பத்தாண்டில் தஞ்சாவூர் மாவட்டம் 22,16,138-லிருந்து 24,05,890-ஆக, அதாவது ஏறத்தாழ 8.6 சதவீதம்தான் வளர்ந்தது. திருவாரூரும் நாகப்பட்டினமும் அப்படியே எட்டை ஒட்டித்தான் நின்றன. மாநில வீதத்தைத் தஞ்சாவூர் மீது போட்டிருந்தால் 2011-இல் 25,62,000 பேர் வந்திருப்பார்கள். உண்மையைவிட ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கூடுதல். சராசரி என்பது பல ஊர்களின் கலவை. சென்னையைச் சுற்றிப் பெருகிய கூட்டமும் டெல்டாவிலிருந்து வண்டி ஏறியவர்களும் அந்த ஒற்றை எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள்.

நெல் மூட்டைக் கணக்கு எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய இருப்பு, வந்தது, போனது, மீதி. மக்கள்தொகைக்கும் அதே ஏடுதான். பிறந்தவர்களையும் வந்து குடியேறியவர்களையும் கூட்டி, இறந்தவர்களையும் வெளியேறியவர்களையும் கழிக்க வேண்டும். நான்கு பத்திகள். நம்மில் பெரும்பாலோர் முதல் பத்தியை மட்டும் நிரப்பிவிட்டு மீதியை வெறுமையாக விட்டுவிடுகிறோம். காவிரிப் படுகையில் வெளியேறியவர்களுக்கான நான்காவது பத்தியை விட்டால் கணக்கே இல்லை.

இதைச் சொன்னால், ‘ஆண்டுதோறும் ஒரே எண்ணிக்கையைக் கூட்டும் நேர்கோட்டு முறையா, கூட்டு வட்டி போல ஒரே வீதத்தில் பெருக்கும் கூட்டுப் பெருக்க முறையா, எது சரி?’ என்று கேட்பார்கள். இந்த விவாதத்தில் பலர் வீணாக நேரம் செலவழிக்கிறார்கள் என்பது என் எண்ணம். தஞ்சாவூர் மாவட்டத்தின் 2006-ஆம் ஆண்டு மக்கள்தொகையை இடைக்கணிப்பு செய்து, அதாவது 2001, 2011 எண்களுக்கு நடுவில் கணித்துப் பாருங்கள். நேர்கோட்டில் 23,11,014, பெருக்குச் சராசரியில் (இரண்டு எண்களின் பெருக்கலுக்கு வர்க்கமூலம்) ஏறத்தாழ 23,09,066. வேறுபாடு இரண்டாயிரத்துக்கும் கீழே. வளர்ச்சி மெதுவாக இருக்கும் இடத்தில், பத்தாண்டு இடைவெளிக்குள், வளைவும் கோடும் ஏறத்தாழ ஒன்றாகவே ஓடும். நீண்ட காலத்துக்கு நீட்டும்போதுதான் இரண்டும் பிரியும். அப்போது பத்தாண்டு வளர்ச்சியைப் பத்தால் வகுத்து ஆண்டு வீதம் என்று எழுதுவது உண்மையிலேயே உதைக்கும். 8.56 சதவீதத்துக்கு ஆண்டுக்கு 0.856 அல்ல, 0.825 சதவீதம். முந்தையதைக் கூட்டு வட்டி போல ஐம்பது ஆண்டு ஓட்டினால் தஞ்சாவூரில் மட்டும் 57 ஆயிரம் பேர் கூடுதலாக வந்து நிற்பார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் நான் ஆண்டுதோறும் பார்த்த தவறு ஒன்றும் உண்டு. பெருகும் வேகம் அப்போதைய எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ஐம்பது ஆண்டில் ஒரு நகரம் இரு மடங்காகிறது. மும்மடங்காக எத்தனை ஆண்டு? பாதி வகுப்பு 100 என்று எழுதும், கால்வாசி 75 என்று எழுதும். நூறாவது ஆண்டில் நான்கு மடங்காகிவிடும்; எழுபத்தைந்தில் 2.83 மடங்குதான். விடை ஏறத்தாழ 79. கையால் ஒரு வளைவை வரைந்து பார்த்த பிள்ளைகள் இதில் தவறியதே இல்லை.

இன்னும் ஆழமான சிக்கல், ‘யாரை எண்ணினோம்’ என்பதில் இருக்கிறது. 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணினார்கள். அந்த நாட்கள் முழுவதும் வெளியே இருந்தவர் இந்த ஊர்க் கணக்கில் சேரமாட்டார். ஆனால் அவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், வாக்காளர் பட்டியலிலும் இருக்கலாம். மூன்று பட்டியல்களும் மூன்று எண்களைத் தரும். மூன்றும் அதனதன் வேலைக்குச் சரி. ஒன்றின் எண்ணை எடுத்து இன்னொன்றின் எண்ணால் வகுத்தால்தான் விபரீதம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நாட்களில் சேரும் குப்பையை உள்ளூர் மக்கள்தொகையால் வகுத்து ‘ஆளுக்கு இவ்வளவு’ என்று எழுதினால், அது அந்த ஊர்க்காரர்கள் மீது சுமத்தும் பழி.

பாலின விகிதத்திலும் இதே குழப்பம். 2011-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1035 பெண்கள். இதைக் காட்டி ‘இங்கே பெண் குழந்தைகளுக்குக் குறையில்லை’ என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வேலைக்காக ஆண்கள் வெளியூர் போனாலும் இந்த எண் ஏறும். பெண்கள் கூடுதல் காலம் வாழ்ந்தாலும் ஏறும். பெண் குழந்தைகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஆறு வயது வரையிலான விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும். அதே ஆண்டில் தமிழ்நாடு முழுவதற்கும் மொத்த விகிதம் 996, குழந்தைகளில் 943. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்த 53 என்னை இன்றும் உறுத்துகிறது.

இறப்பு வீதத்தையும் வயதைப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். கற்பனையாக இரண்டு ஊர்கள். இரண்டிலும் ஆயிரம் பேர். முதியவர்களில் ஆயிரத்துக்கு 40 பேரும் மற்றவர்களில் 3 பேரும் ஆண்டுதோறும் இறக்கிறார்கள், இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி. முதல் ஊரில் முதியவர்கள் 300, இரண்டாவதில் 100. முதல் ஊரின் இறப்பு வீதம் 14.1, இரண்டாவதின் வீதம் 6.7. மருத்துவ வசதியில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. இளைஞர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. கடைமடைக் கிராமத்தையும் திருப்பூரையும் பக்கத்தில் வைக்கும் எவரும் வயதுவாரியாகப் பிரித்த பிறகே பேச வேண்டும்.

கருவள வீதம் பற்றியும் சொல்ல வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடுசெய்ய ஏறத்தாழ 2.1 வேண்டும், ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறப்பதாலும், சில பெண்கள் தாயாகும் வயதுக்கு முன்பே இறந்துவிடுவதாலும் இரண்டு போதாது. 1.8 என்றால் உடனே மக்கள்தொகை குறையும் என்று எண்ணுவது தவறு. முன்பு அதிகமாகப் பிறந்த தலைமுறை இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறது. ஆளுக்குக் குறைவாகப் பெற்றாலும் பெறுபவர்கள் அதிகம். மேட்டூரில் மதகை மூடிய பிறகும் கல்லணைக்குக் கீழே சில நாள் தண்ணீர் ஓடுவதைப் போலத்தான் இது.

மக்கள்தொகைக்கு எல்லை என்ற ஒன்றை எழுதிவைத்து மனிதர்களை அதற்குள் அடைப்பதும் தவறு. வயலில் புகையான் பூச்சி கிடுகிடுவெனப் பெருகி, பயிரைக் காயவைத்துத் தானும் சரியும். அந்த வயலின் தாங்குதிறன் அவ்வளவுதான். 1838-இல் பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹல்ஸ்ட் தந்த சமன்பாடு, எண்ணிக்கை எல்லையை நெருங்க நெருங்க வளர்ச்சி தேய்வதைக் காட்டுகிறது. ஆனால் மனிதர்கள் அந்த எல்லையையே நகர்த்துபவர்கள். மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு விளைச்சல் ஈடுகொடுக்காது என்று 1798-இல் ஆங்கிலேய அறிஞர் மால்தஸ் போட்ட கணக்கில், ஆடுதுறை 27 போன்ற அதிக விளைச்சல் தரும் ஒரு நெல்லுக்கு இடம் இல்லை. 1960-களில் அந்த ரகம் இந்த வயல்களில் வந்து இறங்கியது.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள், அதாவது அந்த நாளின் நிலவரமாகவே எண்ணிக்கை கொள்ளப்படும். முடிவுகள் வரும்போது நாகப்பட்டினம் மாவட்டத்தின் எண்ணை 2011-இன் 16,16,450 உடன் நேரே ஒப்பிட்டு ‘மக்கள்தொகை சரிந்தது’ என்று சிலர் எழுதக்கூடும். ஆனால் 2020 டிசம்பரில் மயிலாடுதுறை அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. அதற்கும் முன்னால் போனால், 1991-இல் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் உருவானது. ஆகவே 1981-இன் தஞ்சாவூரையும் 2011-இன் தஞ்சாவூரையும் ஒரே பெயருக்காக ஒரே வரிசையில் எழுதிவிடக் கூடாது. தாலுகா வாரியான எண்களை எடுத்து, பழைய எல்லைக்குள் எவை எவை வருகின்றனவோ அவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். எங்கள் ஊர் நூலகத்தில் இரண்டு கல்லூரி மாணவர்கள் இப்போதே அந்த அட்டவணையைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தஞ்சாவூரிலிருந்து திருவாரூருக்குப் போன வலங்கைமான் தாலுகாவை எந்தப் பத்தியில் வைப்பது என்று நேற்றுவரை வாதாடிக்கொண்டிருந்தார்கள்.