முதல் சந்திப்புக்கு ஒரு தே தாரிக் தேநீர் போதும்

இணையத்தில் பழகிய நண்பரை முதன்முறையாகச் சிங்கப்பூரில் நேரில் பார்க்கப் போகிறீர்களா? “லிட்டில் இந்தியா எம்ஆர்டியில் நிற்கிறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள்; அந்த ரயில் நிலையத்துக்குப் பல வாயில்கள். நான் அப்படிச் சொல்லப்போய், ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆளுக்கொரு வாயிலில் அரை மணி நேரம் நின்றோம். “சி வாயில், தேக்கா உணவங்காடி நிலையம், இன்ன கடை” என்று எண்ணோடு சொல்லுங்கள். எண் கடைப் பலகையிலேயே இருக்கும்.

முந்தின நாள் இரண்டு நிமிடம் வீடியோவில் பேசிவிடுங்கள். கேமரா கெட்டுவிட்டது என்று மூன்றாம் முறையும் சொல்பவரைப் பார்க்க நான் போகமாட்டேன். சந்திக்கும் முன்பே பணம் கேட்டால் பயணத்தை விட்டுவிட்டு 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள். எங்கே, எத்தனை மணிக்கு என்பதை அக்காவுக்கோ அறைத்தோழருக்கோ அனுப்பிவையுங்கள்.

முதலில் தே தாரிக் மட்டும் வாங்குங்கள், அவரவர் காசில். பேச்சு ஓடினால் பிரியாணிக்கு நகரலாம். ஓடாவிட்டால் கோப்பை காலியானதும் எழுந்துவிடலாம். மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடியுங்கள், கைப்பேசியை அல்ல. எழும்போது தட்டை அதைத் திருப்பி வைக்கும் இடத்துக்கு யார் எடுத்துக்கொண்டு போய் வைக்கிறார் என்றும் கவனியுங்கள். நான் கவனிப்பேன்.