சிவப்பணுச் சவ்வு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் புவன விஸ்தா வட்டார ஆய்வகங்களுக்கு ஆண்டுதோறும் பாலிடெக்னிக்கிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். இரத்த வகை ஆன்டிஜென்களில், அதாவது சிவப்பணுவின் மேற்பரப்பில் இருந்து இரத்த வகையைத் தீர்மானிக்கும் அடையாளங்களில், வேலை தொடங்குபவர்களைக் கவனித்து வருகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனாலும் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். செய்முறைத் தாள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. எங்கே கெட்டுப்போகும் என்று சொல்வதில்லை. குழாயில் பெயர் எழுத மறப்பது, காலாவதியான சீரத்தை எடுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே தெரிந்துவிடும்.

பப்பாயின் போட்ட செல்லைப் பார்த்து ‘ஆன்டிஜென் இல்லை’ என்பது

பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பாயின் நொதி, சிவப்பணுச் சவ்வில் இருக்கும் கிளைகோபோரின் புரதங்களின் வெளிப்பகுதியைச் சீவிவிடும். அதோடு எம், என் ஆன்டிஜென்கள் போய்விடும். டஃபி ஆன்டிஜென்கள் எஃப்ஒய்ஏ, எஃப்ஒய்பி இரண்டும் போய்விடும். ஆர்ஹெச், கிட் போன்ற வகைகளிலோ, ஆன்டிஜெனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளோடு வினை வலுக்கும். அதற்காகத்தான் நொதியே போடுகிறோம். ஒரு மாணவர் பப்பாயின் போட்ட செல்லில் டஃபி இல்லை என்று கண்டு, அதைப் பற்றிக்கொண்டு நுழையும் வைவாக்ஸ் மலேரியாக் கிருமி இந்தக் கொடையாளரின் சிவப்பணுக்களுக்குள் நுழைவது கடினம் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். டஃபி அற்ற நிலை மேற்கு ஆப்பிரிக்காவில் மிகப் பரவலானது. சிங்கப்பூரின் பெரும்பான்மைச் சமூகங்களில் அரிது. அரிய முடிவு கையில் வந்தால் மகிழ்வதற்கு முன் நொதி போடாத செல்லில் மறுபடி சோதியுங்கள்.

கெல் என்னும் இன்னொரு வகை ஆன்டிஜென்கள் பப்பாயினுக்கு அசையமாட்டா. ஆனால் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் டிடிடி வேதிப்பொருளின் 0.2 மோலார் கரைசலில் அழிந்துவிடும். இரத்தப் புற்றுநோய்க்கான டாரட்டுமுமாப் மருந்து சோதனையில் குறுக்கிடும்; அதைப் பெறுபவர்களின் மாதிரிக்காக டிடிடி போட்ட செல்லை வைத்துக்கொண்டு கெல் எதிர்ப்பொருள் பற்றி எதுவும் சொல்லக் கூடாது.

கொதிக்க வைப்பது

புரதங்களை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டுவதற்கு முன் மாதிரியைக் கொதிக்க வைப்பது வழக்கம். சவ்வில் இருக்கும் ஆர்ஹெச், குளுட்1 (குளுக்கோஸைக் கடத்துவது) புரதங்களைப் பார்க்க வேண்டுமென்றால் கொதிக்க வைக்காதீர்கள். திரண்டு, ஜெல்லின் வாசலிலேயே நின்றுவிடும்.

வெள்ளணுக்களை நீக்காமல் சவ்வைப் பிரிப்பது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். பொருளும் காலமும் வீணாவது மட்டுமல்ல, பொய்யான ஒரு முடிவையும் கையில் கொடுத்துவிடுகிறது.

ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். எண்ணிக்கையைப் பார்த்து ‘இவ்வளவு குறைவாக இருப்பவை என்ன செய்துவிடும்’ என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த வெள்ளணுக்களில் பெரும்பாலானவை நியூட்ரோபில்கள். அவற்றின் உள்ளே சிறு பைகளில் எலாஸ்டேஸ், கெத்தெப்சின் ஜி, புரோட்டினேஸ் 3 என்று புரதத்தை வெட்டும் நொதிகள் நிறைந்திருக்கின்றன. சிவப்பணுவை உடைத்து ஹீமோகுளோபினை வெளியேற்ற, உப்பு குறைந்த பாஸ்பேட் பஃபரில் போடுகிறோம். அதே பஃபர் நியூட்ரோபிலையும் உடைக்கும். அப்போது வெளிவரும் நொதிகள் முதலில் பதம் பார்ப்பவற்றில் ஒன்று ஆன்கிரின் என்னும் சவ்வுப் புரதம், ஜெல்லில் 2.1 என்று எண்ணிடப்பட்ட பட்டை. அது மங்கும்போது, கீழே முன்பு இல்லாத துண்டுகள் புதுப் பட்டைகளாகத் தெரியத் தொடங்கும்.

அந்தப் புதுப் பட்டைகள்தான் ஆளை மயக்குகின்றன. நான் பார்த்த ஓர் ஆய்வகத்தில் அரிய வகை இரத்தம் கொண்ட ஒருவர் மனமுவந்து மாதிரி கொடுத்திருந்தார். பயிற்சி மாணவி ஜெல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, “அக்கா, இவருடைய செல்லில் மட்டும் புதிதாக ஒரு புரதம் இருக்கிறது” என்றார். கண்ணில் அப்படி ஓர் ஒளி. குழாயை எப்படிக் கழுவினாய் என்று கேட்டேன். செய்முறைத் தாளில் இருந்தபடி மூன்று முறை உப்புநீரில் கழுவியிருக்கிறார். மேலே படிந்த, வெள்ளணுக்கள் அடங்கிய வெள்ளைப் படலத்தைத் தொடவே இல்லை. சிவப்பணு வீணாகிவிடுமே என்ற கவலை. ஒப்பிட எடுத்த மாதிரி வேறொருவர் தயாரித்தது, அதில் படலம் சுத்தமாக நீக்கப்பட்டிருந்தது. இரண்டு ஜெல்களுக்கும் இடையே தெரிந்த வேறுபாடு கொடையாளர்களுடையது அல்ல, தயாரித்த கைகளுடையது. மாதிரி முழுவதும் போய்விட்டது. கொடையாளரிடம் உடனே திரும்பிக் கேட்கவும் முடியவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். அந்தத் தாளை அப்படியே கையில் கொடுத்தவர்கள்மீதுதான் எனக்குக் கோபம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் வெள்ளைப் படலத்தோடு அதன் அடியில் இருக்கும் சிவப்பணு அடுக்கிலும் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பாலில் ஆடை எடுக்கும்போது கொஞ்சம் பாலும் சேர்ந்து வருவதைப்போல, அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நுட்பமான வேலை என்றால் அதுவும் போதாது. ஆல்ஃபா செல்லுலோஸும் நுண்படிகச் செல்லுலோஸும் கலந்த பத்தியின் வழியே இரத்தத்தை இறக்கி வெள்ளணுக்களையும் பிளேட்லெட்டுகளையும் பிடித்துவிடும் முறையை பியூட்லரும் அவரது குழுவினரும் 1976இல் வெளியிட்டார்கள். இன்றும் அது நன்றாகவே வேலை செய்கிறது.

செல்லை உடைத்து, வேகமாகச் சுழற்றிய பிறகு இன்னொரு கட்டம் இருக்கிறது. குழாயின் அடியில் சவ்வுப் படிவு தளர்வாக, கலங்கலாக இருக்கும். குழாயைச் சாய்த்து மெல்லச் சுழற்றினால் அந்தப் படிவு நழுவும். அதன் கீழே கெட்டியான, ஒட்டிக்கொண்ட ஒரு சிறு பொட்டு தெரியும். வெட்டும் நொதிகள் செறிந்திருக்கும் இடம் அது. படிவைத் தொடாமல் அதை மட்டும் பிப்பெட்டால் உறிஞ்சி எறியுங்கள். இதை யாராவது பக்கத்தில் நின்று ஒரு முறை காட்டினால் போதும், பிறகு மறக்காது. காட்டுவதற்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

‘பிஎம்எஸ்எஃப் போட்டேனே’ என்பார்கள். வெட்டும் நொதிகளை முடக்கும் அந்தத் தடுப்பான் தண்ணீரில் தானே சிதைந்துவிடும். பிஹெச் 7.5, 25 டிகிரி வெப்பநிலையில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும்; பிஹெச் 8 என்றால் இன்னும் விரைவில். காலையில் பஃபரில் கலந்து மதியம் பயன்படுத்தினால் போடாததற்குச் சமம். ஆல்கஹாலில் கரைத்து வைத்து, செல்லை உடைக்கும் நேரத்தில் சேர்த்து, எல்லாவற்றையும் பனிக்கட்டியில் செய்யுங்கள். தடுப்பான் இருக்கிறது என்பதற்காக வெள்ளணுக்களை விட்டுவைக்கக் கூடாது.

பக்கத்து மேசைக்காரரின் இரத்தத்தை ‘இயல்பான மாதிரி’ என்று கொள்வது

இதைச் சிங்கப்பூரில் இருப்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நாம் படிக்கும் கட்டுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களின் செல்களைக் கொண்டு எழுதப்பட்டவை. இங்கே மலாய்ச் சமூகத்தினரிடையே சிவப்பணு முட்டை வடிவில் இருக்கும் தென்கிழக்காசிய ஓவலோசைட்டோசிஸ் இருக்கிறது. சவ்வின் முக்கியப் புரதமான பேண்ட் 3இன் மரபணுவில் 27 எழுத்துகள் விடுபட்டதால் 9 அமினோ அமிலங்கள் குறையும் நிலை அது. பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. தங்களுக்கு இருப்பதே தெரியாது. அவர்களது சவ்வு விறைப்பானது, பல ஆன்டிஜென்களின் வலு குறைந்திருக்கும், குளிரில் வைத்தால் சோடியமும் பொட்டாசியமும் கசியும். அந்தக் குழாயை இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு அயனி அளவை எடுத்தால் என்ன கிடைக்கும்?

சீனர், தாய்லாந்துக்காரர் மாதிரிகளில் ஜிபி.முர் வரும். கிளைகோபோரின் பி, ஏ இரண்டின் துண்டுகளும் சேர்ந்த கலப்புப் புரதம் அது. அந்தச் செல்களில் பேண்ட் 3 அளவும் கூடியிருக்கும். மேற்கிலிருந்து வரும் சோதனைச் செல் தொகுப்புகளில் ஜிபி.முர் செல் இல்லாவிட்டால் அதற்கான எதிர்ப்பொருள் கண்ணில் படாமலே போகும். தலசீமியா மரபுக்கூறும் இங்கே அரிதல்ல. எனவே ஒப்பீட்டு மாதிரி ஒருவரிடம் மட்டும் எடுக்காமல் பலரிடம் எடுங்கள். இரத்தப் பூச்சு ஒன்றை நுண்ணோக்கியில் பாருங்கள், செல்லின் சராசரி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூமாசி சாயத்தில் கிளைகோபோரினைத் தேடுவது

புரதத்துக்கான கூமாசி சாயத்தில் அது சரியாகத் தெரியாது. அதன் எடையில் சுமார் 60 விழுக்காடு சர்க்கரை. சர்க்கரையைப் பிடிக்கும் பிஏஎஸ் சாயம் போடுங்கள்.

‘ஓ’ என்று வந்ததும் நிறுத்திவிடுவது

ஏ, பி எதிர்ப்பொருள்களோடு வினை இல்லை என்றால் ‘ஓ’ என்று எழுதிவிடுகிறார்கள். 1952இல் பெண்டேவும் சக மருத்துவர்களும் பம்பாயில் கண்டறிந்த வகையில் ஏ, பி இரண்டுக்கும் அடிப்படையான, சாதாரண ‘ஓ’ செல்லிலும் இருக்கும் ஹெச் ஆன்டிஜெனே இருக்காது. முதல் பார்வைக்கு ‘ஓ’ போலவே தெரியும். இந்திய வம்சாவளியினரின் மாதிரிகளைக் கையாளும் நமக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. ஹெச்சைப் பற்றிக்கொள்ளும் யூலெக்ஸ் செடியின் விதைச் சாற்றைச் சேர்த்தால் சாதாரண ‘ஓ’ செல் திரளும், பம்பாய் வகைச் செல் திரளாது. பம்பாய் வகைக்காரரின் பிளாஸ்மாவில் ‘ஓ’ செல்லைப் போட்டால் அது திரளும். அப்படித் திரண்டால் ஆய்வை அங்கேயே நிறுத்தி, மேற்பார்வையாளர் மூலம் இரத்த வங்கிக்குத் தெரிவியுங்கள். அந்தக் கொடையாளருக்கு நாளை இரத்தம் தேவைப்பட்டால் ‘ஓ’ வகையை ஏற்றக் கூடாது. பம்பாய் வகைதான் வேண்டும்.