யாஷிகா மேட் 124ஜி: முதல் ரோல் வீணாகாமல் எடுக்க

இரட்டை லென்ஸ் கேமராக்களில் புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது யாஷிகா மேட் 124ஜி. 1970 முதல் 1986 வரை தயாரான இந்த மாடலில் மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. 120 எனும் அகல ஃபிலிம் ரோல் ஒன்றில் 6×6 செ.மீ. அளவில் 12 படம் விழும். ரோல் கெடுவது பெரும்பாலும் படம் எடுக்கும்போது அல்ல, மாட்டும்போதும் கழற்றும்போதும்தான். அதனால் அந்த இரண்டையும் நிதானமாகப் பழகுங்கள்.

வாங்கியவுடன் ரோல் போடாதீர்கள். பின்கதவைத் திறந்து வைத்து, ஷட்டரை (வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் அமைப்பு) 1 விநாடியில் வைத்து அமுக்கிப் பாருங்கள். உள்ளே கியர் ஓடும் மெல்லிய ‘கிர்ர்’ ஒலி ஒரே சீராகக் கேட்டு, கடைசியில் ‘டிக்’ என்று மூட வேண்டும். நடுவில் இழுத்தாலோ திறந்தபடியே நின்றாலோ, உள்ளிருக்கும் பழைய கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் கொடுத்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். வெளியிலிருந்து எண்ணெய் விடவே கூடாது, அது பிளேடுகளில் பரவி ஒட்டிக்கொள்ளும். செல்ஃப் டைமர் லீவரைத் தொடாமல் விடுவது நல்லது. வயதான ஷட்டரில் அது பாதியில் நின்றால் கேமராவே முடங்கும்.

கதவின் ஓரப் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு ஃபோமை நகத்தால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி கையில் ஒட்டினால் ஆயுள் முடிந்துவிட்டது. பழையதைச் சுரண்டி எடுத்து ஸ்பிரிட்டால் துடைத்து, புதிய ஃபோம் பட்டை ஒட்டுங்கள். இதை விட்டுவிட்டால் படத்தின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்த கோடுகள் வரும்.

இனி ரோல் மாட்டுவது. நேர் வெயிலில் செய்யாதீர்கள்; நிழல் இல்லையென்றால் உங்கள் உடம்பையே மறைப்பாக்குங்கள். கதவின் உள்பக்கம் ஃபிலிமை அழுத்தும் தகட்டில் 12, 24 என்று இரண்டு நிலை உண்டு. 120 ரோலுக்கு 12 தெரிய வேண்டும். 24 என்பது இருமடங்கு நீளமான 220 ரோலுக்கானது. கீழே இருக்கும் காலி ஸ்பூலை (ஃபிலிம் சுற்றும் உருளை) எடுத்து மேலே மாட்டுங்கள், புதிய ரோல் கீழே. காகித நாக்கை மேலே இழுத்து ஸ்பூலின் பிளவில் செருகுங்கள். அச்சடித்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், கறுப்புப் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். மாறிப் போனால் ஃபிலிமை காகிதம் மறைத்துவிடும், ஒரு படமும் விழாது.

கட்டைவிரலால் கீழ் ரோலை லேசாக அழுத்தியபடி கைப்பிடியைச் சுற்றுங்கள். காகிதம் தொய்வில்லாமல், இரு ஓரமும் ஸ்பூலுக்குள் நேராக ஏற வேண்டும். காகிதத்தில் அச்சிட்ட அம்புக்குறி உடலில் உள்ள தொடக்கக் குறிக்கு நேராக வந்ததும் நிறுத்தி, கதவை மூடுங்கள். குறியைத் தாண்டவிட்டால் கடைசிப் படம் ஃபிலிமின் விளிம்பில் வெட்டுப்படலாம். மூடிய பின் கைப்பிடி தானாக நிற்கும் வரை சுற்றினால் எண் 1 வந்திருக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் கைப்பிடிக்கு இரண்டு அசைவு: நிற்கும் வரை முன்னால், பிறகு நிற்கும் வரை பின்னால். முன்னால் சுற்றினால் ஃபிலிம் நகரும்; பின்னால் திருப்பினால் ஷட்டர் தயாராகும். பட்டன் அமுங்கவில்லை என்றால் இரண்டாவது அசைவு முடிந்ததா என்று பாருங்கள். பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள். 1/500 விநாடி வேகம் வேண்டுமென்றால் ஷட்டரைத் தயார் செய்வதற்கு முன்பே வைத்துவிடுங்கள்; ஸ்பிரிங்குக்கு அதுதான் பாதுகாப்பு.

உள்ளிருக்கும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அது இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் மீட்டர் தவறாகக் காட்டும், பேட்டரி தீரத் தீர அந்தத் தவறும் மாறிக்கொண்டே போகும். மொபைல் மீட்டர் ஆப் அல்லது வெயில் கணக்கு போதும். ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் வெளிச்ச உணர்திறன்) 100 ஃபிலிமுக்கு 1/125 வைத்துக்கொண்டு, சுள்ளென்ற வெயிலுக்கு எஃப் (லென்ஸ் திறப்பின் எண்; எண் கூடக் கூடத் திறப்பு சிறிது) 16, லேசான மேகத்துக்கு 11, நிழலே விழாத வெளிச்ச மேகமூட்டத்துக்கு 8, இருண்ட மூட்டத்துக்கு 5.6, திறந்த நிழலுக்கு 4. ஐ.எஸ்.ஓ. 400 என்றால் அதே எண்களோடு 1/500. நெகட்டிவ் ஃபிலிமில் சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு வெளிச்சம், கூடுதலாகக் கொடுங்கள். குறைவாகக் கொடுத்தால் நிழல்களில் விவரமே இருக்காது, பிரிண்டில் அதை மீட்க வழியில்லை.

மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் காட்சி இடம் வலம் மாறித் தெரியும். நடந்து போகிறவரைத் தொடர கை முதலில் தடுமாறும். ரோல் இல்லாமல் ஒரு வாரம் ஜன்னலோரம் நின்று பழகினால் பிடிபட்டுவிடும். ஃபோகஸுக்கு மூடிக்குள் இருக்கும் பூதக்கண்ணாடியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். 80 மி.மீ. லென்ஸை எஃப் 3.5இல் வைத்து 1 மீட்டரில் ஒருவர் முகத்தை எடுத்தால் கூர்மையாக வருவது சுமார் 5 செ.மீ. ஆழம்தான், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் இருக்காது. லென்ஸ் மிகத் தெளிவாக வேலை செய்வது எஃப் 8, 11இல்.

அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது இன்னொரு சிக்கல்: பார்க்கும் லென்ஸ் மேலே இருப்பதால் நீங்கள் கட்டம் கட்டியதைவிடச் சற்றுக் கீழே உள்ளதுதான் ஃபிலிமில் விழும், தலை வெட்டுப்படும். ஸ்டாண்டில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, இரு லென்ஸ்களின் நடுவுக்கு இடையே உள்ள அளவு கேமராவை உயர்த்தி எடுங்கள். கையில் பிடித்து எடுப்பதானால் கழுத்து வாரைக் கீழ்நோக்கி இழுத்து இறுக்குங்கள். இந்தக் கேமராவில் படம் எடுக்கும்போது துள்ளும் கண்ணாடி இல்லை, அதனால் 1/30கூடத் தாங்கும்.

12ஆவது படம் முடிந்ததும் காகிதம் முழுதும் ஏறி, கைப்பிடி லேசாகும் வரை சுற்றுங்கள். நிழலில் திறந்து, ரோல் அவிழாமல் இரு விரலால் பிடித்து எடுங்கள். நுனியை உள்பக்கம் மடித்து, பசைப்பட்டையை நனைத்து இறுக்கி ஒட்டுங்கள். தளர்வாகச் சுற்றிய ரோலில் ஓரம் வழியாக வெளிச்சம் புகுந்துவிடும். மிஞ்சும் காலி ஸ்பூலைத் தூக்கிப் போடாமல் மேலே மாட்டி வையுங்கள், அடுத்த ரோலுக்கு அதுதான் வேண்டும்.