முந்நூற்றிநாலு: முன்னுக்கு இருக்கிற ஆளை மறந்தால்

காலபோக நெல் கதிர் முற்றி நிற்கிற நாட்களில் எங்கள் வயற்கரைக் காவல் கொட்டிலில் எப்போதும் ஒரு காட்ஸ் கூட்டம், அதாவது சீட்டுக் கட்டு, கிடக்கும். பன்றிக்கும் யானைக்கும் நெருப்பு மூட்டிவிட்டு, நாலு பேர் சாக்கு விரித்துக் குந்தினால் விடியுமட்டும் 304 என்ற சீட்டாட்டம்தான். அம்மப்பாதான் எனக்குப் பழக்கினவர். முதல் மாதம் முழுக்கத் தோல்வி. "உனக்கு நல்ல சீட்டு வரேல்லையெண்டு சொல்லாத. நீ உன்ர கையை மட்டும் பாக்கிறாய். முன்னுக்கு இருக்கிற பெரியப்பாவை ஒருக்காலும் பாக்கேல்ல" என்றார். இப்போது மருமக்களுக்கு நான் பழக்கும்போது, அவர்கள் விடுகிற பிழைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு பிழையின் பிள்ளைகள்தான் என்று தெரிகிறது.

பழகாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. கூட்டத்தில் இரண்டு முதல் ஆறு வரையான 20 சீட்டுகளை எடுத்து ஒதுக்கினால் மிச்சம் 32. ஒரு நிறத்தில், அதாவது ஒரு சின்னத்தில், 8 சீட்டு. பெரியது ஜாக், 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, 20. பிறகு ஆசு (ஏஸ்) 11, பத்து 10, கிங் 3, குயின் 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கூட்டினால் ஒரு நிறத்துக்கு 76, நாலு நிறத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயரே அதன் கணக்கு. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு, வலப்பக்கமாகப் போடுவோம். அந்த நாலையும் பார்த்து 160இலிருந்து கேள்வி தொடங்கும். கூடக் கேட்டவர் துரும்பை, அதாவது மற்ற நிறங்களை வெட்டுகிற நிறத்தின் சீட்டு ஒன்றை, கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்ச நாலும் வரும். கேட்ட புள்ளியை அவரும் சோடியும் சேர்ந்து பிடிக்க வேண்டும்.

ஜாக்கும் ஒன்பதும் ஆசுச் சீட்டை விடப் பெரியதாக இருப்பது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. நெதர்லாந்தின் கிளாவர்யாஸ், சுவிஸின் யாஸ் ஆட்டங்களில் துரும்பு நிறத்தில் இதே ஒழுங்குதான். யாழ்ப்பாணத்தை 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் 1795 வரை இருந்தார்கள். அவர்களோடு வந்த ஆட்டத்தின் வழியில்தான் 304 பிறந்தது என்று சீட்டாட்ட வரலாறு எழுதியவர்கள் கருதுகிறார்கள். நாங்கள் ஸ்பேடை ஸ்கோப்பன் என்றும் கிளப்ஸைக் கிளாவர் என்றும் சொல்வது ஒல்லாந்தச் சொற்கள்தான். கேரளத்தில் ஆடுகிற 28, வங்காளத்தில் ஆடுகிற 29 எல்லாம் இதன் சொந்தக்காரர். அங்கே ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கிளாவர்யாஸில் துரும்பு நிறத்தில் மட்டும் ஜாக் பெரியவன். 304இல் எல்லா நிறத்திலும் அவன்தான் பெரியவன்.

இந்த ஒழுங்கு மனதில் ஊறாததுதான் புதியவர்களின் முதற் பிழை. ரம்மியிலும் கழுதையிலும் பழகிய கை ஆசுச் சீட்டைக் கண்டதும் துள்ளும், "ஆசு கிடக்கு" என்று அதை முதலில் இறக்கும். ஜாக்கும் ஒன்பதும் வெளியே நிற்கும்போது ஆசு வெறும் 11 புள்ளித் தீனி. பத்தும் அப்படித்தான். இரண்டு நாள் ஆடினால் இது தானாகப் போய்விடும். போகாத பிழைகள் வேறு.

கேள்வியில் விடுகிற பிழை

போன பொங்கலுக்கு நடந்தது. மருமகனுக்கு முதல் நாலு சீட்டு: கிளாவர் ஜாக், கிளாவர் ஒன்பது, ஆட்டின் (ஹார்ட்ஸ்) ஆசு, டைமன் பத்து. கூட்டினால் 71. முகம் மலர்ந்து 200 கேட்டான், விழுந்தான். அதற்கு முந்தின ஆட்டத்தில் என் கையில் ஸ்கோப்பன் ஜாக், பத்து, எட்டு, அதோடு ஆட்டின் ஜாக். கூட்டினால் 70. நான் 160க்கு மேல் போகவில்லை, இலேசாக வென்றேன்.

"மாமா, எனக்கு ஒரு புள்ளி கூடத்தானே இருந்தது?" என்று கேட்டான்.

கையில் இருக்கிற புள்ளி உங்களுடையது என்று நினைப்பதுதான் பிழை. புள்ளி, பிடி (நாலு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போடுகிற ஒரு சுற்று) எடுத்தவனுக்குச் சொந்தம். அவனுக்குத் துரும்பு இரண்டே இரண்டு. மற்ற ஆறும் மூன்று பேரிடம் பரவிக் கிடக்கும். அவனுடைய ஆசுக்கு மேலே இரண்டு சீட்டு, பத்துக்கு மேலே மூன்று சீட்டு நிற்கின்றன. அவை அவன் பிடிக்கிற சீட்டில்லை, பறிகொடுக்கிற சீட்டு. என் கையிலோ துரும்பு மூன்று, அதில் தலைவன் என்னிடம், வெளியே இன்னொரு நிறத்தின் தலைவனும் என்னிடம். அந்த எட்டுக்குப் புள்ளி இல்லை. ஆனால் மூன்றாவது துரும்பாக நின்று, கடைசியில் எதிராளியின் ஆசுச் சீட்டை வெட்டியது அதுதான். நாலு சீட்டைப் பார்க்கும்போது புள்ளியைக் கூட்டாதீர்கள். துரும்பு எத்தனை, அதில் ஜாக் இருக்கிறதா, வேறு நிறத்தில் உறுதியான பிடி ஒன்றாவது உண்டா என்று பாருங்கள்.

இன்னொன்று, தோல்வியின் விலை. எங்கள் வீட்டில் புளியங்கொட்டையால் கணக்கு வைப்போம். 200க்குக் கீழ்க் கேள்வி வென்றால் 1 கொட்டை, தோற்றால் 2. 200இலிருந்து 2க்கு 3. 250க்கு மேல் 3க்கு 4. வீட்டுக்கு வீடு இது மாறலாம், ஆனால் தோல்வி வெற்றியை விடப் பெரிதாகவே இருக்கும். அப்படியென்றால் 160 கேட்கிறவர் மூன்று முறைக்கு இரண்டு முறை வென்றால்தான் கை கடிக்காமல் தப்புவார். "பாதிக்குப் பாதி வரும், கேட்டுப் பாப்பம்" என்பவர் இரவு முடியும்போது கொட்டை இல்லாமல் இருப்பார்.

சோடி கேட்டபிறகு அவருக்கு மேலே ஏறுவதையும் இங்கேயே சொல்ல வேண்டும். அதற்கு 200ஆவது கேட்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதே இந்த ஆசையை அடக்கத்தான். சோடி 160 கேட்டார் என்றால் அவரிடம் ஒரு நிறம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கிற ஜாக், அவருடைய துரும்புக்குத் துணை நிற்கிற ஜாக். அதை எடுத்து அவரோடு போட்டிக்குப் போவது ஏரைப் பின்னோக்கிப் பூட்டுகிற வேலை.

துரும்பு வைக்கும்போது

பிள்ளைகள் நிறம் நிறமாக அடுக்குவார்கள். அடுக்கியபிறகு நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கவிழ்த்து வைப்பார்கள். உருவிய இடத்தை விரலால் மூடிவிட்டு, மிச்சச் சீட்டு வந்ததும் அதே இடத்துக்குப் பக்கத்தில் இரண்டைச் செருகுவார்கள். எங்கள் பெரியம்மா சீட்டைப் பார்க்கவே மாட்டா, விரலைத்தான் பார்ப்பா. "இவன்ர துரும்பு இடப்பக்கக் கரையில கிடக்கு" என்று அவவுக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்தக் கரையிலிருந்து ஒரு முறை கிளாவர் இறங்கினால் போதும். நாலு சீட்டுக் கையை அடுக்கவே வேண்டாம். துரும்பு வைத்து, எட்டும் கைக்கு வந்தபிறகு ஒரே முறையில் அடுக்குங்கள்.

மூடின துரும்பு ஆட்டத்தில், முதலில் இறக்கின நிறம் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துப் போட வேண்டும். பிடி முடிய, கேட்டவர் அதைப் பார்ப்பார். துரும்பென்றால் திறப்பார், இல்லையென்றால் கவிழ்ந்தபடியே போய்விடும். இங்கே விடுகிற பிழை, துரும்பாக இருக்குமோ என்ற நப்பாசையில் ஒன்பதையும் ஆசுச் சீட்டையும் கவிழ்ப்பது. துரும்பு எது என்று தெரியாத நேரத்தில், பிடி எதிராளியின் பக்கம் சாய்ந்திருந்தால், இழந்தாலும் நோகாத சீட்டைக் கவிழ்த்துத் தேடுங்கள். ஏழாலும் வெட்டலாம்.

ஜாக்கைப் பொத்திப் பொத்தி வைப்பது

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற பிழை இது, ஏனென்றால் கெட்டிக்காரர்கூட விடுகிறார்கள். துரும்பில்லாத நிறத்து ஜாக் கையில் இருக்கும். "இது என்னட்டத்தானே, எப்பவும் பிடிக்கலாம்" என்று வைத்துக்கொண்டே இருப்பார்கள். எட்டுச் சீட்டு நாலு பேருக்கு. சராசரி ஆளுக்கு இரண்டு. அந்த நிறம் முதல்முறை சுற்றிவரும்போதுதான் ஜாக் பத்திரமானவன். ஒரு சுற்றுப் போனபிறகு மிச்சம் நாலுதான், யாரோ ஒருவர் கை வெறுமையாகி வெட்டக் காத்திருப்பார்.

இதை ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நிறத்தில் உங்களிடம் 2 சீட்டு இருந்தால், மற்ற மூவரில் யாராவது ஒருவரிடம் அந்த நிறமே இல்லாமல் இருக்க ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பு. உங்களிடம் 4 சீட்டு இருந்தால் அது கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். நிறம் உங்கள் கையில் நீளமாக இருக்கிறது என்று மகிழ்கிற இடத்தில்தான் ஜாக் வெட்டுப்படுகிறான். ஆகவே ஜாக்கோடு ஒன்று அல்லது இரண்டு துணைச்சீட்டு மட்டும் இருந்தால் முதல் சந்தர்ப்பத்திலேயே இறக்குங்கள். நாலாக நீண்டிருந்தால், கேட்டவர் நீங்களென்றால், முதலில் துரும்பைத் திறந்து மற்றவர்களின் துரும்பை உறிஞ்சிவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

புள்ளியை யாருக்குக் கொடுப்பது

சோடி ஜாக்கை இறக்குகிறார். உங்களிடம் அந்த நிறத்தில் ஒன்பதும் ஏழும். எதைப் போடுவது? ஒன்பதை. அடுத்த சுற்றில் அந்த ஒன்பது வெட்டுப்பட்டால் 20 புள்ளி எதிராளிக்கு, இப்போது போட்டால் உங்களுக்கு. ஆனால் அவசரப்படாமல் உங்களுக்கு முன் போட்ட எதிராளியைப் பாருங்கள். அவர் கவிழ்த்துப் போட்டிருந்தால் அது துரும்பாக இருக்கலாம், அப்போது ஏழைக் கொடுங்கள். அதே ஜாக்கை எதிராளி இறக்கியிருந்தால் ஏழுதான், யோசனையே வேண்டாம். கையில் சின்னது கிடக்க, கவனமில்லாமல் ஒன்பதைப் போட்டு 20 புள்ளியைத் தானம் செய்தவர்களை எத்தனை இரவு பார்த்திருக்கிறேன்!

எதிர்த்து ஆடுகிறவர்கள் தங்களுக்கு எத்தனை வேண்டும் என்றே எண்ணுவதில்லை. 160 கேட்டவரை விழுத்த 145 வேண்டும். 200 கேட்டவரை விழுத்த 105 போதும். 250 கேட்டவருக்கோ 55. ஒரு ஜாக், ஒரு ஒன்பது, அதோடு ஒரு பத்து சேர்ந்தால் முடிந்தது. 250க்கு எதிராக ஆடும்போது புள்ளியுள்ள ஒரே ஒரு பிடிக்காகக் காத்திருக்கலாம், அதில் சோடி தன்னிடமுள்ளதையெல்லாம் போட வேண்டும். 160க்கு எதிராக அப்படிக் காத்திருந்தால் நேரம் போய்விடும்.

துரும்பு எண்ணுவது பற்றி நீட்ட வேண்டியதில்லை. எட்டு உண்டு. உங்கள் கையில் உள்ளதைக் கழித்து, விழ விழ விரல் மடக்குங்கள். பிறகு நாலு ஜாக்கும் போனதா என்று நினைவு வையுங்கள். தொடக்கத்தில் இவ்வளவு போதும்.

நிறம் கிடக்க வெட்டுவது பெரிய குற்றம். வேண்டுமென்று செய்பவர் குறைவு. 1990க்குப் பிறகு வன்னியில் பல வருடம் மின்சாரமே இல்லை. மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றிய ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஆட்டினும் டைமனும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் அம்மப்பா அடுக்கும்போது சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கப் பழக்கினார். இப்போது மேலே எல்ஈடி மின்குமிழ் எரிகிறது, நான் இன்னும் அப்படித்தான் அடுக்குகிறேன். பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

சாடை காட்டுவதை மட்டும் நான் பொறுப்பதில்லை. ஜாக் இருந்தால் தொண்டையைச் செருமுவது, சீட்டை அடித்துப் போட்டுத் துரும்பைச் சொல்வது, "எனக்கு நெஞ்சு வலிக்குது" என்று ஆட்டினைக் காட்டுவது எல்லாம் வீட்டுக்குள் சிரிப்பாகத் தொடங்கும். பத்து ஆட்டத்துக்குள் எதிர்ப்பக்கம் முகம் கறுக்கும். சோடியோடு பேச ஆட்டமே வழி தந்திருக்கிறது. எந்த நிறத்தை முதலில் இறக்குகிறார், சோடியின் பிடியில் பத்தைத் தருகிறாரா குயினைத் தருகிறாரா, எதைக் கழிக்கிறார் என்பதெல்லாம் பேச்சுத்தான். ஒரு நிறத்தில் பெரியது கைவசம் இருப்பவர் அந்த நிறத்தைக் கழிக்க மாட்டார். அதைக் கேட்கப் பழகினால் செருமத் தேவையில்லை. பிடி நடக்கும்போது சோடியை ஏசுவதும் சாடைதான். "ஏன் அதைப் போட்டனி?" என்ற கேள்வியிலேயே உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். எட்டாம் பிடி விழுந்தபிறகு பேசுங்கள்.

கடைசியாகக் கப்ஸ். எட்டுப் பிடியும் ஒரே பக்கத்துக்கு என்று உறுதியான உடனே அதை வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் எட்டையும் பிடித்தால் தண்டம். போன மாதம் சின்ன மருமகளும் அவளுடைய அம்மாவும் சோடி. ஆறு பிடி போய்விட்டது, எல்லாம் அவர்களுக்கு. அவள் கையில் மிச்சம் இரண்டு, இரண்டும் துரும்பு, வெளியே ஒரு துரும்பும் இல்லை. எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். அவள் ஏழாவதை இறக்கினாள், எட்டாவதை இறக்கினாள், கையைத் தட்டினாள். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் அவளுடைய பக்கத்திலிருந்து புளியங்கொட்டையை எடுத்துத் தன் மடியில் போட்டா. அடுத்த ஆட்டத்தில் பிள்ளை இடக்கை விரலை மடக்கி மடக்கித் துரும்பு எண்ணிக்கொண்டிருந்தாள்.