டோனட் கடை வரிசை தெருவை அடைக்காமல் இருக்க

முதலில் எண்ணுங்கள். கூட்டம் நெரியும் நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, எத்தனை பேர் வந்து நின்றார்கள், எத்தனை பேர் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒருவருக்கு 40 விநாடி பிடித்தால் ஒரு கவுன்டரில் மணிக்கு 90 பேரைத்தான் அனுப்ப முடியும். மணிக்கு 100 பேர் வந்தால் மூன்று மணி நேரத்தில் 30 பேர் தேங்குவார்கள், கடைசி ஆள் 20 நிமிடம் நிற்பார். 35 விநாடியாகக் குறைத்தால் கணக்குக்குச் சரியாகும், ஆனால் ஆட்கள் சீராக வருவதில்லை, கும்பலாக வருவார்கள். அதனால் 30 விநாடியைக் குறிவையுங்கள்.

அந்தப் பத்து விநாடி பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் போகிறது. எதை வாங்குவது என்று அங்கே வந்த பிறகே யோசிக்கிறார்கள். விலைப்பலகையை ஐந்தாறு பேருக்குப் பின்னால் நிற்பவர் படிக்கும்படி மாட்டுங்கள். ஒருவர் வரிசையோடு நடந்து ஆர்டரைச் சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். காசு வாங்குபவர் டோனட் எடுக்கக் கூடாது. அது இன்னொருவர் வேலை. அட்டைப்பெட்டிகளைக் கடை திறக்கும் முன்பே மடித்து அடுக்குங்கள். கவுன்டர் இரண்டு இருந்தாலும் வரிசை ஒன்றே போதும்: பெரிய ஆர்டர் ஒன்று மாட்டினால் பின்னால் இருப்பவர்கள் மற்ற கவுன்டருக்குப் போய்விடலாம். டஜன் பெட்டிகளை முன்கூட்டியே நிரப்பி வைப்பது நல்லதுதான், ஆனால் சூடாக இருக்கும்போது மூடாதீர்கள். உள்ளே ஆவி அடங்கி, சர்க்கரைப் பூச்சு கரைந்து பிசுபிசுக்கும்.

தட்டு காலியானால் வரிசை அப்படியே உறைந்துவிடும். ஈஸ்ட் மாவை வெட்டிய பிறகு பொங்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். தட்டைப் பார்த்துவிட்டு மாவை எடுப்பது காலம் கடந்த வேலை. 20 நிமிட இடைவெளியில் ஒவ்வொரு தட்டாகப் பொங்க வையுங்கள். அவசரத்தில் எண்ணெயில் அதிகம் போட்டால் 180 டிகிரிக்குக் கீழே சூடு இறங்கி டோனட் எண்ணெய் குடிக்கும்.

காரில் இருந்தபடியே கடை ஜன்னலில் வாங்குபவர்களின் வரிசை வேறு பிரச்சினை. வரிசையில் நிற்கும் ஒரு காருக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வேண்டும். உங்கள் வளாகத்தில் 42 மீட்டர் இருந்தால் ஆறு கார். ஏழாவது சாலையில் நிற்கும். அந்த ஏழாவது காருக்குத்தான் திட்டம் தேவை. மூன்று டஜன் கேட்பவரை ஜன்னலில் நிறுத்தாமல் முன்னே ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்லி, அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனி வழி வையுங்கள். எதிரே வரும் வண்டிகளின் குறுக்கே வெட்டித் திரும்ப ஒரு கார் காத்திருந்தாலே பின்னால் எல்லாம் நின்றுவிடும். அந்தத் திருப்பத்தைத் தவிர்க்கும்படி அறிவிப்பு மாட்டுங்கள். ஊழியர்களைச் சாலையில் இறக்கி வண்டிகளை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆபத்து, அது போக்குவரத்துக் காவலர் செய்யவேண்டியது.

நடந்து வருபவர்களின் வரிசையை உங்கள் சுவரை ஒட்டி மடக்குங்கள். 40 பேர் என்றால் சுமார் 30 மீட்டர் நீளும். பக்கத்து வீட்டு வாசல், சக்கர நாற்காலி போகும் வழி இரண்டிலும் இடைவெளி விட்டுத் தரையில் கோடு போடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, கூட்ட நேரத்தில் அவரே எடுக்கும்படி பாருங்கள். மாலையில் குப்பையை அடுத்த முனை வரை பொறுக்குங்கள்.

சரக்கு தீரப்போகிறது என்றால் மீதியை எண்ணி, யாரோடு முடிகிறதோ அவருக்குப் பின்னால் ஓர் ஊழியரை நிறுத்திவிடுங்கள். வாசலில் உடனே பலகை மாட்டினால் புதிதாக வரும் கார்களும் நிற்காமல் போய்விடும்.