பழைய காருக்கு ரேடியேட்டர் மாற்றும்போது

புளியரை தாண்டி மலைப்பாதையின் எஸ் வளைவில் ஏறும்போது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டுவிட்டால், மறுநாளே புது ரேடியேட்டர் விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். கோளாறு வேறு இடத்திலும் இருக்கலாம். ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் ஊறிப்போய், எஞ்சின் வேகமெடுக்கும்போது உறிஞ்சலில் சப்பிக்கொள்ளும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்திருக்கும். எஞ்சின் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து வைத்து, வண்டியை நகர்த்தாமல் எஞ்சினை மட்டும் ஓடவிடுங்கள். நீரில் குமிழி நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும். எந்த ரேடியேட்டர் போட்டாலும் அது தீராது. சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்கவே வைக்காதீர்கள்.

ரேடியேட்டர்தான் காரணம் என்றால் அதற்கும் அடையாளம் உண்டு. வண்டியை நன்றாகச் சூடேற்றி நிறுத்திவிட்டு, புறங்கையைக் கோரின்மேல் (குழாய்களும் தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதி) ஒட்டாமல் கொண்டுபோய்ப் பாருங்கள். சூட்டுக்கு நடுவே ஓரிடம் மட்டும் ஆறிக் கிடந்தால், அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. மின்விசிறி உள்ள வண்டியில் முதலில் அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். உவரி, இடிந்தகரைப் பக்கம் ஓடிய வண்டிகளில் குழாய்களுக்கு இடையே உள்ள ஃபின் தகடுகளையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று அரித்த தகடு பொடிப்பொடியாக உதிரும்.

என்னிடம் இருப்பது 1,489 சிசி டீசல் அம்பாசிடர். இதுபோன்ற வண்டிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கோருக்கு மேலும் கீழும் உள்ள பித்தளைத் தொட்டிகள் நன்றாக இருந்தால் முழு ரேடியேட்டர் வாங்காதீர்கள், கோரை மட்டும் மாற்றுங்கள். பழைய ரேடியேட்டரில் குழாய் பித்தளை, ஃபின் செம்பு, இணைப்பு ஈயப்பற்று. எல்லாமே பிரித்துச் சேர்க்கக் கூடியவை. ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைச் சூடுகாட்டிக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். திறந்ததும் குழாய் வாய்களை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்புக் கிணற்று நீரை ஊற்றி ஓட்டிய வண்டி என்றால், சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக அடைத்திருக்கும். கசிவை நிறுத்த யாராவது மஞ்சள் தூள் போட்டிருந்தால் அந்தக் கட்டியும் அங்கேதான் இருக்கும். சில குழாய்கள் மட்டும் அடைத்திருந்தால் தட்டைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தால் போதும். பாதிக்கு மேல் போயிருந்தால் புதுக் கோர்தான்.

மாருதி 800 வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டாம். அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியும் கொண்டதை வாங்கிப் பொருத்துங்கள். எடை குறைவு, நன்றாகவே குளிர்விக்கும். பிளாஸ்டிக் விரிசல் விட்டால் ஈயம் வைத்து அடைக்க முடியாது என்பதுதான் குறை.

வாங்குவதோ கோர் போடுவதோ, பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அம்பாசிடர் என்று மட்டும் சொன்னால் போதாது. பழைய 1.5 லிட்டர் எஞ்சினா, 1.8 இசுசு எஞ்சினா என்பதையும் சொல்ல வேண்டும். கோரின் உயரம், அகலம், தடிமன், ஹோஸ் வாயின் விட்டமும் பக்கமும், போல்ட் துளைகள், மூடிக் கழுத்து எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

"நாலு வரிசைக் கோர் போட்டுவிடலாம் அண்ணாச்சி, சூடே ஏறாது" என்பார் கடைக்காரர். குழாய்களை நாலு வரிசையாக அடுக்கிய கோர் அது. உடனே தலையாட்டாதீர்கள். கோர் தடித்தால் காற்று உள்ளே நுழையச் சிரமப்படும்; ஃபேனுக்கும் கோருக்கும் உள்ள இடைவெளியும் குறையும். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி, வள்ளியூர் என்று வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று போதும். முதல் கியரில் மலையேறும்போது காற்றை இழுப்பது ஃபேன் ஒன்றுதான். அதனால் ஃபேனைச் சுற்றிய கூடு உடையாமல் இருப்பதை முதலில் பாருங்கள். ஒரு வரிசை கூடுவதைவிட அது பெரிய உதவி.

மூடியும் அப்படித்தான். வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 1 பார் அழுத்தத்தை மூடி பிடித்து வைத்தால், தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். அதை நம்பி, வண்டிக்கு உரியதைவிட அதிக அழுத்த மூடி போட்டால் பழைய ஈயப்பற்று விட்டுப்போகும். மூடியில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் வாய்களை அடைத்து, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு குமிழிகூட எழக்கூடாது. பெயின்ட் அடித்த பிறகு இதைச் செய்வதில் பயனில்லை. சின்னக் கசிவைப் பெயின்டே மறைத்துவிடும். ஹோஸ்களையும் கிளாம்புகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க இனிக்கும்; ரேடியேட்டருக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும். எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் நீரைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்துக்கும் இணங்காதீர்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் தேய்மானம் கூடும், டீசலும் கூடும்.

பழைய கோரைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். செம்பும் பித்தளையும் எடைக்கு நல்ல விலை போகும். அன்றைய விலையை வெளியே விசாரித்துக்கொண்டு போய், கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.