கிணறு ஏன் ஏறவில்லை? சென்னை வீட்டில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் வழி

கடல் ஆவியாகி மேகமாகும், மேகம் மழையாகும், மழை ஆறாக ஓடிக் கடலில் சேரும். பள்ளிக்கூடத்தில் இந்த வட்டத்தை வரைந்து பழகியதால் தண்ணீர் எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று நம்புகிறோம். உலகக் கணக்குக்கு அது சரிதான், உங்கள் வீட்டுக் கிணற்றுக்குச் சரிவராது. அந்தப் படத்தில் தரைக்குக் கீழே சின்னதாக ஒரு அம்புக்குறி இருக்கும், கிணற்றுக்கு வரும் தண்ணீர் அதுதான். ஆண்டில் சில மாதம்தான் அந்த வழி திறந்திருக்கும். தண்ணீர் அதில் மெதுவாகத்தான் இறங்கும், வாசல் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டால் அதுவும் நின்றுவிடும்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. மழையே பெய்யாத ஊர் இல்லை இது. ஆண்டுச் சராசரி சுமார் 1,400 மி.மீ. 426 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிப் பரப்பின் மேல் விழும் மழையைக் கணக்குப் போட்டால் 21 டிஎம்சி வரும் (1 டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). மேலே சொன்ன நான்கு ஏரிகளும் சேர்ந்து பிடிப்பது 11 டிஎம்சிதான். ஏரி நிரம்பியதா என்று செய்தியில் பார்ப்பதோடு நம் மொட்டை மாடித் தண்ணீர் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் மூன்று அளவுகள்

மாடி. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். 1,400 மி.மீ. மழைக்கு 1,30,000 லிட்டர். தெறிப்பது, காய்வது, அழுக்கோடு வெளியே விடுவது எல்லாம் போக ஒரு லட்சம் லிட்டர் கைக்கு வரும். ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நான்கு பேருக்கு ஆறு மாதத் தேவை இது. 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு.

கிணறு. விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன், கயிற்றில் கல் கட்டி இறக்கித் தரைமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று பாருங்கள். மாதம் ஒரு தடவை, ஒரே தேதியில், நோட்டில் எழுதுங்கள். மோட்டார் ஓடி முடித்தவுடன் அளந்தால் தப்பான எண் கிடைக்கும். இறைக்கும்போது கிணற்றைச் சுற்றித் தண்ணீர் பள்ளமாக இறங்கி, நிறுத்தியபின் மெல்ல நிரம்பும். சாயங்காலம் மோட்டார் காற்றை இழுத்தால் "போர் வற்றிவிட்டது" என்று பதறுகிறோம். பல இடங்களில் அது வற்றியிருக்காது. ஊறி வருவதைவிட வேகமாக இறைத்திருப்போம். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டாமல், அரை மணி ஓட்டி இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

மண். இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. மழைநீரை இறக்கும் குழி போடப்போகும் இடத்தில் 3 அடி தோண்டி, ஒரு தடவை தண்ணீர் ஊற்றி முழுக்க இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குச்சியில் குறியிட்டுப் பாருங்கள். 4 அங்குலத்துக்கு மேல் என்றால் நல்ல மண். 1 அங்குலம்கூட இறங்காவிட்டால் களிமண், அங்கே மேலாகப் போடும் குழி கொசுவுக்குத்தான் உதவும்.

உங்கள் பகுதிக்குக் கீழே என்ன இருக்கிறது

பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது, நீரோட்டம் பார்ப்பவர் அதைக் காட்டுவார், அங்கே போர் போட்டால் வற்றாது என்பது நம் ஊரில் மிக ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. சென்னை மண்ணுக்கடியில் ஆறு எதுவும் இல்லை. மணலில் என்றால் தண்ணீர் மணிகளுக்கு இடையிலும், பாறையில் என்றால் உளுத்த மேலடுக்கிலும் விரிசலிலும் இருக்கிறது. ஈர ஸ்பாஞ்சைப் போல என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் அதே ஸ்பாஞ்சிலிருந்துதான் இறைக்கிறார்.

கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை. ஆழம் போகப் போகத் தண்ணீர் கூடும் என்பது இங்கே பொருந்தாது, கீழே போகப் போக விரிசல் குறைந்துகொண்டே வரும். ஆழத்தில் கிடைத்தாலும் அது பல காலம் தேங்கிய தண்ணீர், இந்த ஐப்பசி மழை அங்கே போய்ச் சேராது.

அண்ணா நகர், கே.கே. நகர், கொளத்தூர் பக்கம் களிமண். களியைத் தாண்டினால் பல இடங்களில் மணல் கிடைக்கும். அதுவரை இறங்க வேண்டும்.

திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் கடற்கரை மணல். தண்ணீர் இறங்குவதற்கு இதைவிட நல்ல மண் இல்லை, ஆனால் இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது, அதனால் அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள்: நீர்மட்டம் 1 அடி இறங்கினால் காலப்போக்கில் உப்பு எல்லை 40 அடி மேலே ஏறும். கடற்கரையில் ஆழமாகப் போர் போடுகிறவர்கள் உப்பை நோக்கிக் குழாய் இறக்குகிறார்கள். அங்கே ஆழமில்லாத கிணறுதான் சரி.

உறை கிணறு கட்டும் முறை

3 அடிக்கு 3 அடி குழி வெட்டி ஜல்லியால் நிரப்புவதுதான் மழைநீர் சேகரிப்பு என்று 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய காலத்திலிருந்தே பலர் நினைக்கிறார்கள். ஜல்லி நிரப்பிய குழியில் தண்ணீருக்குக் கிடைக்கும் இடம் நூற்றுக்கு 40 பங்குதான். இடைவெளிகளில் வண்டல் அடைத்துக்கொண்டால் கழுவவும் முடியாது. சிமெண்ட் உறைகளை (வளையங்களை) ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, உள்ளே எதுவும் நிரப்பாமல் விடும் உறை கிணறு மேல்.

உள் விட்டம் 3 அடி, உயரம் 1 அடி உள்ள சிமெண்ட் உறை ஒன்று 200 லிட்டர் பிடிக்கும். 15 உறை இறக்கினால் 3,000 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் 1,000 சதுர அடி மாடியிலிருந்து சுமார் 4,500 லிட்டர் வரும். நிரம்பும்போதே அடியில் இறங்கிக்கொண்டும் இருக்கும் என்பதால் மணல் பகுதிக்கு 15 உறை போதும்.

அஸ்திவாரத்திலிருந்து 6 அடியாவது தள்ளி இடம் பாருங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு 50 அடி தூரம் இருப்பது நல்லது. மனை சின்னது என்றால் எதிர் மூலைக்குப் போங்கள். உறைகளின் இணைப்பைக் கலவை வைத்துப் பூசக் கூடாது, தண்ணீர் பக்கவாட்டிலும் கசிய வேண்டும். கொத்தனார்கள் பழக்கத்தில் பூசிவிடுவார்கள், பக்கத்தில் நின்று சொல்லுங்கள். உறைக்கும் மண்ணுக்கும் நடுவே பருமணலும் சின்ன ஜல்லியும் கொட்டுங்கள். அடியில் அரை அடி ஜல்லி போதும், விழும் தண்ணீர் மண்ணைக் கலக்காமல் இருக்க. மேலே கனமான மூடி, நிரம்பினால் வெளியேற ஒரு 4 அங்குலக் குழாய், குழாய் வாயில் கொசு வலை.

களிமண்ணில் 20 அடி வரை மணல் வரவில்லை என்றால் கிணற்றின் அடியில் 6 அங்குல போர் போட்டு மணல் வரை இறக்கலாம். அப்படிச் செய்தால் வடிகட்டித் தொட்டி (கட்டும் முறை அடுத்த பகுதியில்) இல்லாமல் தண்ணீர் விடவே கூடாது, ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும்.

ஆழத்தில் ஆள் வேலை செய்யும்போது மேலே ஒருவர் இருக்க வேண்டும், இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். மூடிக் கிடந்த பழைய கிணற்றில் நேராக ஆளை இறக்காதீர்கள். காற்றோட்டம் கொடுத்து, உள்ளே விஷவாயு இல்லை என்று கருவி வைத்துப் பார்த்த பிறகே இறக்க வேண்டும்.

திறந்த கிணறும் போரும்

திறந்த கிணறு இருந்தால் மாடித் தண்ணீரை அதிலேயே விடலாம், மாடித் தண்ணீரை மட்டும். வாசல், தெருத் தண்ணீர் உறை கிணற்றோடு நிற்கட்டும், குடிக்கும் கிணற்றுக்குப் போகக் கூடாது. மாடிக் குழாய்க்கும் கிணற்றுக்கும் நடுவில் வடிகட்டித் தொட்டியாக இரண்டரை அடிச் செங்கல் தொட்டி கட்டி, அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, நைலான் வலை, அதன்மேல் பருமணல் என்று அடுக்குங்கள். கிணற்றுக்குள் குழாய் 1 அடி நீட்டி, கீழ்நோக்கி எல்போ வைக்க வேண்டும். சுவரோடு வழிந்தால் நாளடைவில் சுவர் சரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் போருக்குள் மழைக்குழாயை நேராகச் சொருகுவதை எங்கும் பார்க்கலாம். வண்டல் போய் விரிசலை அடைக்கும். மாடியில் கிடக்கும் பறவை எச்சம் மண்ணில் வடிகட்டாமல் நேரே நீங்கள் இறைக்கும் தண்ணீரில் கலக்கும். பக்கத்தில் உறை கிணறு கட்டுங்கள், மண் வடிகட்டித் தரும்.

எந்த வழியானாலும் மாடிக் குழாயின் அடியில் ஒரு டீ இணைப்பும் கழற்றக்கூடிய மூடியும் வையுங்கள். கோடைக்குப் பின் வரும் முதல் இரண்டு மழைக்கு 15 நிமிடம் மூடியைத் திறந்து வைத்தால், கறுப்பாக வரும் தண்ணீர் வெளியே போய்விடும். மழைத் தண்ணீர் சுத்தமானது என்பது மாடியைத் தொடும் வரைக்கும்தான்.

மழைக்குப் பிறகு

நேற்று அடைமழை, இன்று கிணறு ஏறவில்லை என்று மனம் தளர வேண்டாம். காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். நிலத்தடிக் கணக்கெடுப்பில் கிழக்குக் கடற்கரை வண்டல் மண்ணுக்கு மழையில் நூற்றுக்கு 16 பங்கு கீழே இறங்கும் என்றும், விரிசல் குறைந்த பாறைக்கு 1 பங்கு என்றும் வைக்கிறார்கள். மீதி ஆவியாகிறது, ஓடிவிடுகிறது. மாடித் தண்ணீரை நாமே கொண்டுபோய் இறக்கும்போதுதான் அந்தப் பங்கு மாறுகிறது. கார்த்திகை முடிவில் பாருங்கள், சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

மட்டத்தோடு டிடிஎஸ் அளவையும், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவையும், எழுதுங்கள். மழைநீர் சேரச் சேர எண் இறங்கும். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. டிடிஎஸ் குறைவு என்றால் குடிக்கலாம் என்று பொருள் இல்லை. அந்தக் கருவி கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. கிருமிக்கு ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

புரட்டாசியில் மாடியைக் கூட்டி, வடிகட்டித் தொட்டியின் மணலை வெளியே எடுத்து அலசி, உறை கிணற்றின் அடி வண்டலை அள்ளிவிடுங்கள். அடைமழைக் காலத்தில் நீர்மட்டம் தரைக்கு 3 அடி வரை ஏறிவந்தால் உறை கிணறு தண்ணீர் வாங்காது. அது பழுது இல்லை, கீழே இடம் நிரம்பிவிட்டது. வெளியேற்றுக் குழாய் வழியே வடிகாலுக்குப் போகட்டும். நீர்மட்டம் இறங்கியதும் தானாக மறுபடி வாங்க ஆரம்பிக்கும்.